மூதூர் வீட்டின் நான்கு கோடுகள்

மூதூரில் கடலைப் பார்த்தபடி ஒரு மாடி வீடு. மேல்மாடி ஜன்னல் ஓரத்தில் வெள்ளை நிற ரவுட்டர். அதன் முகப்பில் சிக்னல் காட்டும் நான்கு கோடுகளும் காலை, மாலை, நடுச்சாமம் என்று எந்த நேரமும் பச்சையாக எரிகின்றன. ஆனால் இரவு ஏழரை மணிக்கு வீட்டுக்காரர் உயர்தர மாணவர்களுக்குக் கணித வகுப்பைத் தொடங்கினால், எட்டு மணிக்குள் அவருடைய குரல் தோப்பூரில் இருக்கும் பிள்ளைக்குத் துண்டு துண்டாகக் கேட்கிறது. கிண்ணியாவில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்பதே இல்லை. தொகையீட்டுக் கணக்கில் நடுவில் ஒரு வரி விழுந்துவிட்டால் மிச்ச வரிகளை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் தம்பி. திருகோணமலை நகரில் நான் நடத்தும் கணினி வகுப்பில் அவருடைய மருமகன் படித்த காலத்திலிருந்து பழக்கம். இந்த ஒரு வீட்டின் கோளாறைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் எடுத்தது. பாதி நாள் நாங்களே தவறான இடத்தில் தேடினோம். மீதி நாளுக்கு யார் பொறுப்பு என்பதை வாசிப்பவர்களே சொல்லட்டும்.

ஐந்து முறைப்பாடுகள்

இணைப்பு கம்பியில்லா 4ஜி வகையைச் சேர்ந்தது. வீட்டுக்குக் கம்பி வராது. ரவுட்டருக்குள் சிம் ஒன்று இருக்கும். கைபேசிக்கு வருவதுபோலவே கோபுரத்திலிருந்து அலையாக வரும். தொலைபேசிக் கம்பியோ ஃபைபரோ எட்டாத ஊர்களுக்கு இதைவிட்டால் வேறு வழி குறைவு. கொட்டியாரக்குடாவின் தெற்குக் கரையில் பல ஊர்கள் அப்படித்தான். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கையில் சேவையைத் தொடங்கிய பிறகு கூரையில் தட்டு வைக்கலாம் என்ற பேச்சு வந்திருக்கிறது. ஆனால் ஓய்வூதியக்காரர் ஒருவர் முதலில் எட்டிப் பார்க்கும் கதவு அதுவாக இருக்காது.

ஏழு வாரங்களில் நானா ஐந்து தடவை முறைப்பாடு செய்தார். முதல் தடவை, ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். இரண்டாவது தடவை, பின்பக்கத்துத் துளையில் ஊசியைக் குத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்றாவது தடவை ரவுட்டரையே மாற்றிக் கொடுத்தார்கள். நான்காவது தடவை, பக்கேஜைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்றார்கள். பெரிதாக்கினார். காலை வேகம் இரண்டு மடங்கானது. இரவு வேகம் இருந்த இடத்திலேயே இருந்தது. மாதக் கட்டணம் மட்டும் இரவு பகல் பாராமல் கூடியது.

ஐந்தாவது தடவை கவுண்டரில் இருந்த பெண் சொன்ன பதில்தான் அவரை என்னிடம் அனுப்பியது. "கோடு நான்கும் இருக்கிறதே சேர். சிக்னலில் பிழை இல்லை."

நானும் பெரிய புத்திசாலித்தனம் காட்டிவிடவில்லை. கதையைக் கேட்டவுடன், "இரவில் எல்லோரும் படம் பார்ப்பார்கள் நானா, கோபுரம் நிரம்பிவிடும், ஒன்றும் செய்ய முடியாது" என்று தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவர் கணிதக்காரர். மறுநாளே திரும்ப எடுத்தார். உள்பக்கமாக மூன்று வீடு தள்ளி ஒரு தையற்கடை இருக்கிறது. அதே நிறுவனம், அதே பழைய சிறிய பக்கேஜ். அங்கே இரவு எட்டு மணிக்கும் வீடியோ தங்குதடையில்லாமல் ஓடுகிறது. "கோபுரம் நிரம்பினால் அவனுக்கும் நிரம்ப வேண்டும் அல்லவா?"

என்னிடம் பதில் இல்லை. பஸ் ஏறினேன்.

சீ.ஆர். கொப்பி

இப்போது நகரிலிருந்து மூதூருக்குப் போவது சுலபம். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அதற்கு முன்பு அந்த இடத்தில் 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறிக் கடக்க வேண்டும். அதுவும் சரிவராத காலத்தில் நகரத்து இறங்குதுறையிலிருந்து லாஞ்சில் குடாவைக் குறுக்கே கடந்து மூதூரில் இறங்குவோம். மழைக்காலத்தில் அந்தப் பயணம் வயிற்றைக் கலக்கும். லாஞ்சை இங்கே காரணமில்லாமல் இழுக்கவில்லை. பின்னால் அது திரும்ப வரும்.

போன அன்று ஒன்றும் பிடிபடவில்லை. பகல் நேரம் என்பதால் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பார்ப்பது எப்படி என்று நானாவின் மகளுக்குக் காட்டிக்கொடுத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை வேகத்தை அளந்து எழுதிவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. அடுத்த தடவை நான் போனபோது, கணக்குப் பாடத்துக்கு வாங்கிய சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கங்களில் சிவப்பு மையால் கோடு போட்டு, காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு எட்டு என்று ஒன்பது நாள் எழுதியிருந்தாள். இறக்க வேகம், ஏற்ற வேகம், தாமதம், கோடுகளின் எண்ணிக்கை என்று நான் சொன்ன பத்திகள் எல்லாம் இருந்தன. நான் சொல்லாத ஒரு பத்தியும் இருந்தது. அதற்கு அவள் வைத்த தலைப்பு: கடல்.

காலையில் 22 முதல் 26 மெகாபிட். பிற்பகலில் 15க்கு மேல். இரவு எட்டுக்கு 2 மெகாபிட்டைத் தாண்டிய நாள் ஒன்றே ஒன்று. கொழும்புக்குப் போய்த் திரும்ப எடுக்கும் தாமதம் காலையில் 40 மில்லி விநாடிக்குள் இருந்தது. இரவில் 400ஐத் தாண்டியது. கோடு எல்லா வரியிலும் நான்கு. கடல் பத்தியில் "அலை", "கொஞ்சம் அலை", "கண்ணாடி" என்று மூன்றே சொற்கள். கண்ணாடி என்று எழுதிய மூன்று இரவுகளிலும் வேகம் 1 மெகாபிட்டுக்குக் கீழே.

வாசித்துவிட்டுச் சிரித்தேன். ரவுட்டர் மேசையில் கடலுக்கு என்ன வேலை? அந்தப் பிள்ளை பதில் சொல்லவில்லை. கொப்பியை மூடி என் கையில் தந்தாள்.

அன்று இரவு எட்டு மணிவரை இருந்து ரவுட்டரின் உள்பக்கத்தை நானே பார்த்தேன். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, ஆர்.எஸ்.ஆர்.பி.: கோபுரத்தின் அலை எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்பது. எப்போதும் எதிர்மறை எண். −80 என்றால் மிக நல்லது, −110 என்றால் பரிதாபம். நானா வீட்டில் −93. குறை சொல்ல ஒன்றுமில்லை. முகப்பில் எரியும் கோடுகளும் இந்த எண்ணைத்தான் காட்டுகின்றன. மற்றது எஸ்.ஐ.என்.ஆர்.: வந்து சேரும் அலை, சுற்றியுள்ள இரைச்சலையும் மற்றக் கோபுரங்களின் குறுக்கீட்டையும் விட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பது. 20 இருந்தால் அருமை. பூச்சியத்தை நெருங்கினால் ஆபத்து. நானா வீட்டில் 3.

கலியாண வீட்டில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று பேசுபவரின் குரல் சத்தமாகத்தான் காதில் விழும். ஆனால் என்ன சொல்கிறார் என்று புரியாது. முதல் எண் சத்தம். இரண்டாவது எண் புரிதல். நான்கு கோடுகளும் ஏழு வாரமாகச் சத்தத்தை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தன.

முன்பக்கமும் பின்பக்கமும்

முறைப்பாட்டு எண்ணோடு போனால் கவுண்டரைத் தாண்ட முடியாது என்று தெரிந்துவிட்டது. அதனால் வேறு வழியில் போனேன். எங்கள் வகுப்பு மாணவர்களுக்குக் கம்பியில்லா வலையமைப்பைக் காட்ட அனுமதி வேண்டும் என்று நிறுவனத்தின் பிராந்திய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பத்து நாளில் அனுமதி வந்தது. மாணவர் நால்வர் என்று எழுதியிருந்தேன்; ஐந்தாவது மாணவராக நானாவும் வெள்ளைத் தாடியோடும் சீ.ஆர். கொப்பியோடும் வந்து சேர்ந்துகொண்டார். வாசலில் பெயர் எழுதிக்கொண்ட பாதுகாப்பு ஊழியர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

கீழ்த்தளம் எல்லோருக்கும் தெரிந்த இடம். டோக்கன் இயந்திரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம் கைபேசி பார்க்கும் விளம்பரப் படம். நானாவை அடையாளம் கண்ட கவுண்டர்ப் பெண் முகத்தைக் கணினிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? அவள் முன்னால் இருந்த திரையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வாடிக்கையாளரின் பெயர், பக்கேஜ், நிலுவை, பாவித்த அளவு, முறைப்பாடுகளின் பட்டியல். அலையைப் பற்றி ஒரு எண் கூட இல்லை. இருப்பதை வைத்துத்தானே பதில் சொல்ல முடியும்? மேல்தளம் விற்பனைப் பிரிவு; வெள்ளைப் பலகையில் மாத இலக்குகள். அதை வேகமாகக் கடந்தோம்.

பின்பக்கம் வேறு உலகம். சாதன அறைக்குள் போகுமுன் கோவில் வாசலில் போலச் செருப்பைக் கழற்ற வேண்டும், தூசி ஆகாது. உள்ளே குளிர். எங்களைக் கூட்டிப்போன பொறியியலாளர் மட்டக்களப்பைச் சேர்ந்த இளம் பெண். மாணவர்கள் மிஸ் என்று கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முதலில் பற்றரிகளைக் காட்டினார். கோபுரத்துச் சாதனங்கள் 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. 12 வோல்ட் பற்றரி நான்கை வரிசையாக இணைத்தால் அது கிடைத்துவிடும். ஆனால் இங்கே நிலத்தோடு இணைத்திருப்பது நேர் முனையை. வாகனங்களில் நாம் பழகியது எதிர் முனை. தந்தித் தொழில்நுட்பக் காலத்திலிருந்து வரும் வழக்கம் என்றார். அப்படி இணைத்தால் ஈரத்தில் கம்பி அரிப்பது குறையும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் இது சும்மா ஏட்டு விடயம் அல்ல. மேசையில் கிடந்த ஒரு இணைப்பியை எடுத்து நீட்டினார். கடலோரக் கோபுரம் ஒன்றிலிருந்து கழற்றியது. உறையை உரித்தால் செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் களிம்பு. விரல் பட்டதும் உதிர்ந்தது. இதைத் தடுக்க, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் ஒவ்வொரு மூட்டையும் மூடுவார்கள். மூடியவர் அவசரப்பட்டு ஒரு சுற்றுக் குறைத்தால் அடுத்த வருடம் கையில் கிடைப்பது இதுதான்.

பற்றரிகளைப் பற்றிப் பேசும்போது 2022 வந்தது. அந்த வருடம் மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கோபுரத்துப் பற்றரிகளை அவ்வப்போது ஓரிரு மணித்தியாலம் தாங்குவதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். நாள்தோறும் அடிமட்டம்வரை இறங்கி, முழுதாக ஏறுமுன்னே மறுபடி இறங்கினால் ஈயப் பற்றரியின் தகடுகளில் சல்பேற்று படிந்துவிடும். ஜெனரேற்றருக்கு ஊற்ற டீசலுக்கும் வரிசை. "அந்த ஆறு மாதத்தில் செத்த பற்றரிகளின் கணக்கு எங்கள் தலைமையகத்துக்கு மட்டும்தான் தெரியும்" என்று சிரித்தார். அந்த நாட்களில் எங்கள் வீதியில் சிக்னலும் கரண்டும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே வந்தது நினைவுக்கு வந்தது.

முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தோம். கோபுரத்தில் தெற்குப் பக்கமாக ஒரே திசையைப் பார்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டத் தட்டுகள். ஒரு மாணவன் கேட்டான்: "ஒன்று பழுதானால் மற்றது என்பதற்காகவா மிஸ்?"

"இல்லை. இரண்டும் எப்போதும் வேலை செய்கின்றன. மூதூர்க் கோபுரத்தை நகரோடு இணைக்கும் மைக்ரோவேவ் அலை இணைப்பு இது. குடாவின் மேலால் வருகிறது. அலை நேராகவும் வரும், கடலில் பட்டுத் தெறித்தும் வரும். இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும் உயரம் ஒன்று இருக்கும். ஒரு தட்டு அந்த உயரத்தில் மாட்டிக்கொண்டால் மற்றது தப்பிவிடும்."

கடல் மட்டமும் காற்றின் வெப்பமும் மாற மாற அந்த உயரமும் மேலும் கீழும் நகரும் என்றும் சொன்னார். கடல் அலையாக இருந்தால் தெறிப்பு நாலாபக்கமும் சிதறிப் பலவீனமாகிவிடும்.

"கண்ணாடி போல இருந்தால்?" என்று கேட்டார் நானா.

"அப்போதுதான் மோசம்."

நானா கொப்பியைத் திறந்து அந்தப் பத்தியைக் காட்டினார். பொறியியலாளர் முழுப் பக்கத்தையும் நின்றபடியே வாசித்தார். யார் எழுதியது என்று கேட்டார். அதன் பிறகுதான், வந்திருப்பது மாணவர் ஐவர் அல்ல என்பதையும் எங்கள் ஏழு வாரக் கதையையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "வாருங்கள் சேர், திரையில் பார்ப்போம்" என்றார்.

176

வலையமைப்பைக் கவனிக்கும் அறை சிறியது. இரண்டு மேசை, நான்கு திரை. நானாவின் இணைப்பு எண்ணைத் தட்டினார். பச்சை மஞ்சளாக நிறைய எண்கள் வந்தன. அவர் ஒரே ஒரு எண்ணில் விரலை வைத்தார்: 176.

அதன் பெயர் டைமிங் அட்வான்ஸ். ஒரு கோபுரத்தின் கீழே பல வீடுகள். ஒவ்வொன்றின் அலையும் கோபுரத்தை அதற்கென்று குறித்த கணத்தில் வந்தடைய வேண்டும். பள்ளி மணி எல்லோருக்கும் ஒன்றுதான். தூரத்துப் பிள்ளை வீட்டிலிருந்து முந்திப் புறப்பட வேண்டும். எவ்வளவு முந்த வேண்டும் என்று கோபுரம் ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு எண் கொடுக்கிறது. 4ஜியில் அந்த எண்ணின் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 78 மீற்றர் தூரம்.

நானா பேனையை எடுத்துக் கொப்பி ஓரத்தில் பெருக்கினார். 13,728.

"பதின்மூன்றே முக்கால் கிலோமீற்றர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோபுரம் ஒன்றரைக் கிலோமீற்றர் கூட இல்லையே!"

"நீங்கள் அந்தக் கோபுரத்தோடு பேசவே இல்லை சேர். நகர மேட்டில் கடலைப் பார்த்து நிற்கிற கோபுரத்தோடு பேசுகிறீர்கள்."

ஒரு கணம் யாரும் பேசவில்லை. மேல்மாடி ஜன்னலுக்கும் நகர மேட்டுக்கும் நடுவில் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. மரமில்லை, சுவரில்லை. உள்ளூர்க் கோபுரமோ வீட்டின் பின்பக்கம், தென்னைகளுக்கும் இரண்டு கொங்கிறீற் சுவர்களுக்கும் அப்பால். ரவுட்டருக்கு மூளை ஒன்றே ஒன்று: எது சத்தமாகக் கேட்கிறதோ அதைப் பிடித்துக்கொள். முன்னொரு காலத்தில் நாங்கள் லாஞ்சில் கடந்த அதே குடாவைத்தான் அந்த வீட்டின் ஒவ்வொரு மின்னஞ்சலும் கடந்து போய்வந்துகொண்டிருந்தது.

மற்றவை எல்லாம் தானாக விழுந்தன. நகரக் கோபுரத்தில் கடல் பக்கம் பார்த்த அன்ரனாவுக்கு, அதாவது அந்த முகத்துக்கு, 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை அகலம். அதிலிருந்து ஏட்டளவில் சுமார் 110 மெகாபிட் எடுக்கலாம், அதையும் அந்த முகத்தின் கீழே உள்ள எல்லோரும் பங்கிட வேண்டும். இரவு ஏழுக்கு மேல் நகரத்து வீடுகள் எல்லாம் திரையைத் திறக்கின்றன. வரைபடத்தில் கோடு ஏழு மணிக்கு எழுந்து பத்தரைவரை கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு தனி ஒதுக்கீடு என்று பக்கேஜ்களில் அள்ளிக் கொடுப்பதன் இரகசியமும் அதே வரைபடத்தில் இருந்தது: அப்போது கோடு தரையில் படுத்திருக்கிறது. இதற்கு மேல், இடையில் உள்ள மற்றக் கோபுரங்களின் அலையும் கடலைத் தாண்டி அதே ஜன்னலுக்கு வருகிறது, எஸ்.ஐ.என்.ஆர். மூன்றுக்கு இறங்கியதற்கு அது பாதிக் காரணம். கண்ணாடிக் கடல் மீதிக் காரணமாக இருக்கலாம் என்றார் பொறியியலாளர். ஒன்பது நாள் கொப்பி அதை நிறுவப் போதாது. ஆனால் அவர் எதிர்பார்க்கும் திசையிலேயே இருக்கிறது.

எனக்குப் புதிதாக இருந்த விடயம் வேறு. அலை தெளிவாக வந்தால் கோபுரம் ஒவ்வொரு துடிப்பிலும் ஆறு பிட் ஏற்றி அனுப்புகிறது. தெளிவில்லாவிட்டால் இரண்டே பிட். ஆகவே அதே பாடத்தை அதே பிள்ளைகளுக்கு அனுப்ப, நானாவின் வீடு நகரக் கோபுரத்தில் குறைந்தது மூன்று மடங்கு இடத்தைப் பிடித்தது. சங்கக் கடை வரிசையில் காது மந்தமான ஒருவர் நின்றால் ஒவ்வொரு சாமானின் விலையையும் மூன்று தடவை சொல்ல வேண்டும். பின்னால் நிற்கும் எல்லோருக்கும் தாமதம். பாதிக்கப்பட்டவராக நாங்கள் கூட்டிப்போன நானா, நகரத்தில் இன்னும் பலருடைய இரவு மெதுவாவதற்கும் ஒரு காரணமாக இருந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. "அப்படியென்றால் பக்கேஜைப் பெரிதாக்கச் சொன்னது?" என்று கேட்டார். பொறியியலாளர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருடைய வேலைக்கு நல்லதாக இருந்திருக்காது.

கோபுரத்து அன்ரனாவைக் கொஞ்சம் கீழே சாய்த்துவிட்டால் அலை கடல் தாண்டிப் போகாதே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 60 மீற்றர் உயரத்திலிருந்து 2 பாகை சாய்த்தால் கற்றையின் நடு, 1.7 கிலோமீற்றரில் நிலத்தைத் தொடும். 4 பாகை என்றால் 860 மீற்றரில். ஆனால் அதே அன்ரனாவில்தான் கைபேசிச் சேவையும் போகிறது. குடாவில் வலை போடும் படகுகள் கரைக்குப் பேசுவது அந்த முகத்தின் வழியாகத்தான். வகுப்புக்காக அதைக் குனியவைத்தால் கடலில் ஒருவனுக்குத் தொடர்பு போய்விடும். அன்ரனாவைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

கடலுக்கு முதுகு காட்டி

பரிகாரம் வெட்கப்படும் அளவுக்கு எளிது. ரவுட்டரைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து எடுத்து, வீட்டின் பின்பக்கம், உள்ளூர்க் கோபுரத்தைப் பார்த்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு அலுவலகத்திலிருந்தபடியே அந்த ரவுட்டரை உள்ளூர்க் கோபுரத்தோடு மட்டும் பேசும்படி பூட்டிவிடலாம். பூட்டாவிட்டால், ஏதாவது ஒரு தெளிவான இரவில் அது மறுபடி கடலைத் தேடிப் போய்விடும்.

பின்பக்க அறை என்பது சமையலறை. நானாவின் மனைவியை நான் ராத்தா என்பேன். ராத்தாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. மசாலாப் புட்டிகளுக்குப் பக்கத்தில் மின்சாரப் பெட்டியா? எண்ணெய் தெறிக்காதா? மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைக் குழப்பும் என்பதும் உண்மை, ஆனால் அந்த வீட்டில் அப்படி அடுப்பு இல்லாததால் அந்த வாதம் எழவில்லை. கடைசியில் சமையலறைக்கு வெளியே, மாடிப்படி திரும்பும் இடத்தில், குர்ஆன் ஓதும் பலகைக்கு மேலே இருந்த தட்டில் இடம் கிடைத்தது. வகுப்பு அறைக்கு அங்கிருந்து ஈதர்நெட் கேபிள் இழுத்தோம், 18 மீற்றர். இந்த வகைக் கேபிள் 100 மீற்றர்வரை தாங்கும் என்பதால் கவலையில்லை. மின்வெட்டுக்குச் சிறிய 12 வோல்ட் யூ.பி.எஸ். ஒன்றும் வாங்கி வைத்தோம்.

பொறியியலாளர் தொலைபேசியில் இருந்தபடியே பூட்டினார். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தது. நான்கு கோடு எரிந்த இடத்தில் இரண்டு.

நானா என்னைப் பார்த்தார். நான் ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்தேன். ஆர்.எஸ்.ஆர்.பி. −99, முன்பைவிடப் பலம் குறைவு. எஸ்.ஐ.என்.ஆர். 16. டைமிங் அட்வான்ஸ் 18 என்று பொறியியலாளர் வாசித்தார். நானா பெருக்கத் தொடங்குமுன் அவருடைய மகள் மனக்கணக்கில் சொல்லிவிட்டாள்: 1,404 மீற்றர்.

அன்று இரவு எட்டு மணிக்கு 19 மெகாபிட். அடுத்த இரண்டு வாரக் கொப்பியில் இரவு வேகம் 14க்குக் கீழே இறங்கியது ஒரே ஒரு நாள். அன்று மூதூரில் ஏதோ கிரிக்கெட் போட்டிக்கு ஊரே கண்விழித்திருந்தது. காலை வேகம் மட்டும் பழைய 26ஐத் தொடவில்லை. நகரத்தில் விடியற்காலையில் ஆளில்லாத கோபுரம் கொடுத்த வேகம் அது; அதை இழந்தது உண்மைதான். காலை ஆறு மணிக்கு யாரும் கணிதம் படிப்பதில்லை என்று நானா சமாதானம் சொன்னார். தொகையீட்டுப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தினார். பக்கேஜைப் பழைய அளவுக்கு இறக்கினார்; கூடுதலாகக் கட்டிய பணத்தைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

பொறியியலாளர் பிறகு ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: கடல் பக்கம் பார்த்த அந்த முகத்தில் டைமிங் அட்வான்ஸ் நூற்றைம்பதைத் தாண்டிய வீட்டு இணைப்புகளைத் தேடினாராம், மூதூர்க் கரையில் இன்னும் சில வீடுகள் சிக்கின. அவர்களுடைய முறைப்பாட்டுப் பட்டியலிலும் அணைத்துப் போடுங்கள், மாற்றிக் கொடுத்தோம், பெரிதாக்குங்கள் என்ற அதே வரிசை. கவுண்டர்த் திரையில் அந்த ஓர் எண்ணைச் சேர்க்கும்படி மேலே எழுதியிருக்கிறாராம். நான் கடைசியாக அங்கே கட்டணம் கட்டப் போனபோது எட்டிப் பார்த்தேன், சேர்க்கவில்லை.

போன மாதம் நானா வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிப்படித் திருப்பத்தில் ரவுட்டர் இருந்தது. ஆனால் அதன் முகப்பில் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இரண்டு கோடுதான் எரிகிறது, ஜன்னல் பக்கம் வையுங்கள் என்று சொல்கிறார்களாம். அவருடைய உடன்பிறந்த தம்பி ஒருநாள் கேட்காமலே எடுத்துக்கொண்டுபோய் ஜன்னலில் வைத்துவிட்டாராம். அதன் பிறகு மகள்தான் நாடாவை ஒட்டினாள்.